பாதிக்கு மேல் ‘ஆம்’ என்றால் மறுநாளே தனி நாடா?

உங்கள் கேள்விக்குள் மூன்று கேள்விகள் மடிந்து கிடக்கின்றன, தம்பி. நீங்கள் எழுதியது இது: ‘ஒரு பகுதி மக்கள் ஓட்டுப் போட்டு, பாதிக்கு மேல் ஒரே ஒருவர் கூடுதலாக ஆம் என்றால் அது தனி நாடாகிவிடுமா? அந்த ஓட்டை யார் நடத்துகிறார்கள்? தேவிகுளம் எஸ்டேட்டில் வேலை பார்த்த எங்கள் தாத்தாவிடம் 1956இல் எந்த மாநிலம் வேண்டும் என்றுகூட யாரும் கேட்கவில்லை. ஸ்காட்லாந்துக்காரர்களிடம் மட்டும் எப்படி நாட்டையே கேட்டார்கள்?’ முதல் இரண்டும் சட்டமும் நடைமுறையும் சார்ந்தவை. மூன்றாவது உங்கள் வீட்டு மனக்குறை. அதுதான் முதல் இரண்டையும் கேட்க வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறேன். கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவன். சர்வதேசச் சட்டம் என் பாடங்களில் ஒன்று. வழக்கறிஞன் அல்ல, நீதிமன்றத்தில் நின்று வாதாடியதில்லை. ஆனால் ஆசிரியர் வேலையில் இருந்தவர்களுக்கு விதித்தபடி ஏழெட்டுத் தேர்தல்களில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக உட்கார்ந்திருக்கிறேன். ஓட்டு என்பது பெட்டியில் விழும் சீட்டு மட்டும் என்று நினைப்பவர்கள், காலை ஆறரை மணிக்கு வாக்காளர் பட்டியலை விரித்து வைத்து ஏஜெண்டுகளோடு மல்லுக்கட்டும் வேலையைப் பார்த்ததில்லை. கீழே எழுதுவதில் பாதி அந்த மேசையில் கற்றது.

முதல் கேள்விக்கு நேரான பதில்: ஆகாது. ஓட்டு எண்ணி முடித்த இரவில் எந்தப் பகுதியும் அந்த எண்ணிக்கையின் பலத்தால் மட்டும் நாடாகிவிடவில்லை. அதுவரை அந்தப் பகுதியை வைத்திருந்த நாடு ‘நீங்கள் போக விரும்பினால் விடுகிறேன்’ என்று முன்பே எழுத்தில் கொடுத்திருந்தால் ஓட்டுக்கு உயிர் உண்டு. கொடுக்காவிட்டால் அது ஒரு பெரிய மனு. மனுவுக்கு மதிப்பு இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதன் மேல் யார் கையெழுத்துப் போடுவது என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

ஸ்காட்லாந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2014 செப்டம்பர் 18 அன்று நடந்த வாக்கெடுப்புக்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 2012 அக்டோபரில், எடின்பரோவில் பிரிட்டன் அரசும் ஸ்காட்லாந்து அரசும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. வாக்கெடுப்பு நடத்தும் அதிகாரத்தை லண்டன் தற்காலிகமாக ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்குக் கொடுத்தது. முடிவை மதிப்போம் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. வந்த முடிவு: வேண்டாம் என்றவர்கள் 55.3 சதவீதம், வேண்டும் என்றவர்கள் 44.7. வாக்களித்தவர்கள் 84.6 சதவீதம். பிறகு இன்னொரு முறை கேட்க வேண்டும் என்று ஸ்காட்லாந்து அரசு முயன்றது. லண்டன் சம்மதிக்காமல் அந்தச் சட்டத்தை நீங்கள் இயற்ற முடியாது என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2022 நவம்பரில் சொல்லிவிட்டது. அதே மக்கள், அதே கேள்வி. கையெழுத்து இல்லாததால் பெட்டியே வைக்க முடியவில்லை.

கையெழுத்து இல்லாமலே பெட்டி வைத்தவர்களும் உண்டு. 2017 செப்டம்பர் 25 அன்று இராக்கின் குர்திஸ்தான் பகுதியில் வாக்கெடுப்பு நடந்தது. ஆம் என்றவர்கள் 92 சதவீதத்துக்கும் மேல். மூன்றே வாரத்தில் இராக் படை கிர்க்குக் நகரையும் அதன் எண்ணெய் வயல்களையும் திரும்பப் பிடித்துக்கொண்டது. அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று கட்டலோனியாவில், ஸ்பெயினின் அரசியல் சாசன நீதிமன்றம் தடை போட்ட பிறகும் வாக்கெடுப்பு நடந்தது. ஆம் 90 சதவீதத்தைத் தாண்டியது. ஆனால் வந்து போட்டவர்கள் பட்டியலில் பாதிப் பேர்கூட இல்லை. அந்த மாதக் கடைசியில் விடுதலைப் பிரகடனம் வந்தது. அன்றே மாட்ரிட் அந்தப் பகுதியின் ஆட்சியைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. ஒரு நாடும் அங்கீகரிக்கவில்லை.

என் வகுப்பில் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த கதை மேற்கு ஆஸ்திரேலியாவுடையது. 1933 ஏப்ரல் 8 அன்று அந்த மாநிலத்தில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் ஆஸ்திரேலியாவிலிருந்து பிரிய வேண்டும் என்று வாக்களித்தார்கள். அதே நாள், அதே சாவடிகளில் மாநிலத் தேர்தலும் நடந்தது. அதில் பிரிவினையை ஆதரித்த அரசைத் தூக்கி எறிந்துவிட்டு, அதை எதிர்த்த கட்சியை ஆட்சியில் உட்கார வைத்தார்கள். பிரிய வேண்டும், ஆனால் பிரிக்கச் சொன்னவர்கள் வேண்டாம்! மனு லண்டனுக்குப் போனது. ஆஸ்திரேலிய அரசே கேட்காமல் இதை நாங்கள் எடுத்துப் பார்க்கவே முடியாது என்று 1935இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு திருப்பி அனுப்பிவிட்டது. வாக்காளரின் மனம் ஒற்றை வரியில் அடங்காது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைத்ததில்லை.

இந்தச் சம்மதம் எல்லா இடத்திலும் எடின்பரோவில் போல மேசையில் உட்கார்ந்து பேசிக் கிடைத்ததில்லை. பல இடங்களில் அதை விலை கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். எரித்ரியா எத்தியோப்பியாவோடு நடத்திய 30 ஆண்டுப் போரில் 1991இல் வென்றது. அதன் பிறகே 1993 ஏப்ரலில், ஐ.நா. பார்வையாளர்கள் முன்னிலையில் வாக்கெடுப்பு நடந்தது. எத்தியோப்பியாவின் புதிய அரசு தடுக்கவில்லை. 99.8 சதவீதம் ஆம் என்றது, முன்பே நடந்து முடிந்ததன் மேல் வைத்த முத்திரைதான். தெற்கு சூடானில் 2005 சமாதான ஒப்பந்தம் ஆறு ஆண்டு கழித்து வாக்கெடுப்பு என்று வாக்குக் கொடுத்தது. 2011 ஜனவரியில் 98.83 சதவீதம் பிரிவுக்கு விழுந்தது. ஜூலை 9 அன்று நாடு பிறந்தது, ஐந்தே நாளில் ஐ.நா.வின் 193ஆம் உறுப்பினரானது. கிழக்குத் திமோரில் இந்தோனேசியாவும் போர்ச்சுகலும் ஐ.நா.வும் 1999 மே மாதம் ஒப்பந்தம் செய்தன. ஆகஸ்ட் 30 அன்று, இந்தோனேசியாவுக்குள் தன்னாட்சி என்ற திட்டத்தை 78.5 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். முடிவு வந்தவுடன் ஆயுதக் குழுக்கள் ஊர்களைக் கொளுத்தின. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். பன்னாட்டுப் படை வந்து, ஐ.நா. இரண்டரை ஆண்டுக்கு மேல் நேரடியாக ஆண்டு, 2002 மே 20 அன்றுதான் கொடி ஏறியது. ‘மறுநாளே’ என்று நீங்கள் கேட்டதற்கு அந்த ஊர்க்காரர்கள் சொல்லும் பதில் வேறாக இருக்கும்.

இனி என் மேசைக்கு வருகிறேன். பட்டியல். யார் ஓட்டுப் போடலாம் என்ற ஒன்றைத் தீர்க்க முடியாமல் வாக்கெடுப்பே நடக்காமல் போன இடம், முன்பு ஸ்பெயின் ஆண்டு பிறகு மொராக்கோ உரிமை கொண்டாடும் மேற்கு சகாரா. அங்கே வாக்கெடுப்பு நடத்துவதற்கென்றே 1991இல் ஐ.நா. ஒரு தூதுக்குழுவை அனுப்பியது. 1974இல் ஸ்பெயின் எடுத்த கணக்கெடுப்பில் இருந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் போதும் என்றது விடுதலை இயக்கம். அந்த நிலத்தோடு உறவுள்ள பழங்குடியினர் தன் எல்லைக்குள்ளும் இருக்கிறார்கள், அவர்களையும் சேர்க்க வேண்டும் என்றது மொராக்கோ. குழு ஒவ்வோர் ஆளாக உட்கார வைத்து, குலத்தலைவர்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டு, ஆண்டுக்கணக்கில் விசாரித்தது. 86,000 பேர் தகுதியுள்ளவர்கள் என்று வந்தது. உடனே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட முறையீடுகள். பட்டியலும் முடியவில்லை, ஓட்டும் நடக்கவில்லை. ‘வாக்கெடுப்பு’ என்ற சொல்லைப் பெயரில் சுமந்துகொண்டு அந்தத் தூதுக்குழு மட்டும் நிற்கிறது. தெற்கு சூடான் எல்லையில் அபியே என்ற பகுதிக்கும் 2011 ஜனவரியிலேயே தனி வாக்கெடுப்பு நடந்திருக்க வேண்டும். ஆண்டில் சில மாதம் மாடுகளை ஓட்டிக்கொண்டு வரும் மேய்ப்பர்கள் அந்த ஊர்க்காரர்களா இல்லையா என்பதில் முட்டிக்கொண்டு அது நின்றே போனது.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு எங்கேயோ கேட்டது போல இருக்க வேண்டும். தேவிகுளமும் பீர்மேடும் எந்த மாநிலத்துக்கு என்று வாதம் நடந்தபோது மையமான சண்டை இதேதான். தமிழ் பேசுகிறவர்கள் அங்கே அதிகம் என்பதை எதிர்த்தரப்பும் மறுக்க முடியவில்லை. அவர்கள் தோட்ட வேலைக்கு வந்து லயத்தில் தங்கிப் போகிறவர்கள், நிலைக்குடிகள் அல்லர் என்றது அந்தத் தரப்பு. மூன்று தலைமுறை கொழுந்து பறித்தவர்களை எப்போதுதான் குடிகள் என்பீர்கள் என்றது இந்தத் தரப்பு. இரண்டு பக்கமும் புள்ளிவிவரம் இருந்தது. வாக்கெடுப்பு வைத்திருந்தாலும் இந்தத் தகராறு தீர்ந்திருக்காது. பட்டியல் மேசைக்கு இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான்.

பசிபிக்கில் பிரான்சின் கையில் உள்ள நியூ கலிடோனியா இந்தத் தகராறோடுதான் வாழ்கிறது. அங்கே பூர்வகுடிகளான கனக் மக்கள் சுமார் 40 சதவீதம். மற்றவர்கள் பிரான்சிலிருந்தும் பிற தீவுகளிலிருந்தும் வந்து குடியேறியவர்கள். 1998 நூமேயா உடன்படிக்கை, நேற்று வந்து இறங்கியவர் தீவின் தலையெழுத்தை எழுதக் கூடாது என்று தனிப்பட்டியல் வகுத்தது. 20 ஆண்டுகள் தொடர்ந்து குடியிருந்திருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் அதில் உண்டு. மூன்று முறை கேட்டார்கள். வேண்டாம் என்பது 2018இல் 56.7 சதவீதம், 2020இல் 53.3. இரண்டு ஆண்டில் இடைவெளி அப்படிச் சுருங்கியது. மூன்றாவது 2021 டிசம்பரில், கொரோனாவில் இறந்தவர்களுக்கு எங்கள் மக்கள் துக்கம் காக்கும் காலம், தள்ளி வையுங்கள் என்று கனக் தலைவர்கள் கேட்டார்கள். பாரிஸ் தள்ளவில்லை. அவர்கள் புறக்கணித்தார்கள். வேண்டாம் என்பது 96.5 சதவீதம் என்று வந்தது. வந்து போட்டவர்கள் 44 சதவீதத்தைத் தொடவில்லை. சட்டப்படி அது செல்லும். ஊர் அதை ஏற்றுக்கொண்டதா என்பது வேறு. 2024 மே மாதம், மாகாணத் தேர்தலுக்கான பட்டியலைப் புதியவர்களுக்குத் திறந்துவிடப் பாரிஸ் முனைந்தபோது தீவு பற்றி எரிந்தது.

ஸ்காட்லாந்து நேர் எதிர். அங்கே பிறப்பைப் பார்க்கவில்லை, குடியிருப்பைப் பார்த்தார்கள். லண்டனில் வேலை பார்க்கும் எடின்பரோக்காரருக்கு ஓட்டு இல்லை. பஹாமாவில் குடியிருந்த ஷான் கானரி, அந்த முதல் ஜேம்ஸ் பாண்டு, ஊரெல்லாம் விடுதலைக்காகப் பேசினார், அவருக்கும் இல்லை. ஆனால் அங்கே முறையான அனுமதியோடு வாழ்ந்த காமன்வெல்த் நாட்டுக் குடிமக்களுக்கு உண்டு. என்னிடம் படித்த ஒரு பெண், வேலந்தாவளத்துக்காரி, அப்போது கிளாஸ்கோவில் மேல்படிப்பு. ‘சார், ஒரு நாடு பிறக்கலாமா என்று என்னிடம் கேட்கிறார்கள், நான் என்ன சொல்வது?’ என்று தொலைபேசியில் கேட்டாள். என்னிடம் கேட்காதே, அது ரகசிய வாக்கு என்றேன். எதற்குப் போட்டாள் என்று இன்றுவரை சொல்லவில்லை, நல்ல மாணவி.

பட்டியலுக்கு அடுத்தது எல்லைக்கோடு. எந்தப் பரப்பை ஒரே கூடையாக எண்ணுவது? 1974 டிசம்பரில் பிரான்ஸ் கொமொரோஸ் தீவுகளில் கேட்டது. மொத்தமாக எண்ணினால் 90 சதவீதத்துக்கு மேல் விடுதலை வேண்டும் என்றார்கள். ஆனால் நான்கில் ஒரு தீவான மயோட்டில் மட்டும் பெரும்பான்மை, மூன்றில் இரண்டை ஒட்டி, வேண்டாம் என்றது. மற்ற மூன்றும் நாடாயின. மயோட் இன்றும் பிரான்சில் இருக்கிறது. 2011இல் அதன் ஒரு மாவட்டமாகவே ஆகிவிட்டது. தீவுக் கூட்டத்தை உடைத்தது தவறு என்று ஐ.நா. பொதுச்சபை பலமுறை தீர்மானம் போட்டுவிட்டது. மயோட்வாசிகள் எங்களைக் கேட்டுத்தானே செய்தார்கள் என்கிறார்கள். கூடையின் அளவை மாற்றினால் பெரும்பான்மை மாறும். இதில் எது நியாயம் என்று எனக்குக் கணக்குப் போட்டுச் சொல்லத் தெரியவில்லை. கணக்கால் தீர்கிற விஷயம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள் என்று மட்டும் சொல்வேன்.

கேள்வியின் வாசகமும் பாதி வெற்றி. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1995 அக்டோபர் 30 அன்று கேட்ட கேள்வி ஒரு நீண்ட வாக்கியம். கனடாவுக்குக் கூட்டுறவு யோசனை ஒன்றை முறைப்படி முன்வைத்த பிறகு, இன்ன சட்டமுன்வடிவுக்கும் இன்ன தேதி ஒப்பந்தத்துக்கும் உட்பட்டு, இறையாண்மை பெற ஒப்புக்கொள்கிறீர்களா என்று அது போனது. வெளியேறுகிறோமா, பேரம் பேசுகிறோமா என்றே பலருக்கு விளங்கவில்லை என்பது எதிர்த்தரப்பின் புகார். வேண்டாம் 50.58, வேண்டும் 49.42. வித்தியாசம் 54,288 வாக்குகள். செல்லாத வாக்குகளோ 86,000க்கு மேல்! சாவடியில் உட்கார்ந்த எவனுக்கும் இந்த எண்ணைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். பழைய சீட்டுக் காலத்தில் இரண்டு சின்னத்துக்கு நடுவில் முத்திரை விழுந்த ஒரு சீட்டுக்காகவே ஏஜெண்டுகள் எங்கள் சட்டையைப் பிடிக்காத குறை. அங்கே ஒரு நாட்டின் பிறப்பே அந்தக் கட்டுக்குள் கிடந்தது.

இதைவிடச் சாமர்த்தியமான சீட்டு சிங்கப்பூரில் 1962 செப்டம்பர் 1 அன்று வாக்காளர் கைக்கு வந்தது. மலேசியாவோடு இணைவது பற்றி மூன்று தெரிவுகள் கொடுத்தார்கள். மூன்றும் இணைப்பின் மூன்று வகை. வேண்டாம் என்று சொல்லச் சீட்டில் இடமே இல்லை. எதிர்க்கட்சி வெற்றுச் சீட்டைப் போடச் சொன்னது. நான்கில் ஒருவர் அப்படியே செய்தார். அரசு விரும்பிய தெரிவு 71 சதவீதம் பெற்றது. மூன்றே ஆண்டில், 1965 ஆகஸ்ட் 9 அன்று, சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து வெளியேற்றப்பட்டுத் தனி நாடானது. அதற்கு மக்கள் யாரும் ஓட்டுப் போடவில்லை. கோலாலம்பூர் நாடாளுமன்றத்தில் 126 பேர் கை தூக்கினார்கள், எதிர்த்து ஒருவரும் இல்லை. சேர ஓட்டு, பிரிய ஓட்டில்லை. நம் இந்தியாவும் வாக்கெடுப்பு வைத்து விடுதலை பெறவில்லை. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் காலனிகளாக இருந்தவற்றில் பெரும்பாலானவை அப்படித்தான். வங்கதேசம் போரில் பிறந்தது. வாக்கெடுப்பு என்பது நாடு பிறக்கும் வழிகளில் ஒன்று, அவ்வளவே.

எத்தனை சதவீதம் வேண்டும் என்பதற்கு உலகம் ஒப்புக்கொண்ட ஒரு எண் இல்லை. செர்பியாவிலிருந்து பிரிய மாண்டெனீக்ரோவில் 2006 மே 21 அன்று 55 சதவீதம் வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் நிபந்தனை வைத்தது, 55.5 வந்தது. அரை சதவீதத்தில் ஒரு நாடு. கரீபியக் கடலில் நெவிஸ் தீவு 1998இல் 61.8 சதவீதம் ஆம் என்றும் செயின்ட் கிட்ஸ் தீவிலிருந்து பிரியவில்லை, அரசியல் சாசனம் மூன்றில் இரண்டு கேட்டதால். டோக்கெலாவ் என்ற குட்டித் தீவுக்கூட்டத்துக்கு 2007இல் நியூசிலாந்தோடு புதிய உறவு முறைக்குப் போக 16 வாக்குகள் போதவில்லை. பதினாறு! நம் பக்கத்தில் ஒரு வார்டு கவுன்சிலர் தேர்தலில் மறு எண்ணிக்கை கேட்கும் அளவு. மறுகோடியில் நார்வே: 1905 ஆகஸ்டில் சுவீடனோடு இருந்த கூட்டை முறிக்க 3,68,208 பேர் ஆம், 184 பேர் வேண்டாம். பெண்களுக்கு ஓட்டில்லாத காலம். அவர்கள் தாங்களாகவே கிட்டத்தட்ட இரண்டரை லட்சம் கையெழுத்துத் திரட்டிக் கொடுத்தார்கள்.

சட்டத்தில் எது உறுதி, எது இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். காலனி ஆட்சியில் உள்ள மக்களுக்குச் சுயநிர்ணய உரிமை உண்டு என்பது 1960 டிசம்பர் 14 அன்று ஐ.நா. பொதுச்சபை போட்ட 1514ஆம் தீர்மானத்திலிருந்து உறுதியானது. தன்னாட்சி பெறாதவை என்று ஐ.நா. வைத்திருக்கும் பட்டியலில் இன்னும் 17 பகுதிகள் இருக்கின்றன, நியூ கலிடோனியா அதில் ஒன்று. காலனி அல்லாத, ஒரு நாட்டின் உறுப்பாக உள்ள பகுதிக்குத் தன்னிச்சையாகப் பிரியும் உரிமையைச் சர்வதேசச் சட்டம் கொடுக்கவில்லை என்பதும் ஏறத்தாழ உறுதி. கனடா உச்ச நீதிமன்றம் 1998 ஆகஸ்ட் 20 அன்று இதை அழகாக எடைபோட்டது. தன்னிச்சையாகப் போக கியூபெக்குக்கு உரிமை இல்லை. ஆனால் தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை ஆம் என்றால், பேச்சுவார்த்தைக்கு வர மாட்டேன் என்று கனடாவும் சொல்ல முடியாது. தெளிவான பெரும்பான்மை என்றால் எத்தனை? நீதிமன்றம் எண் சொல்லவில்லை. 2000இல் வந்த சட்டமும் சொல்லவில்லை. வேண்டுமென்றே விட்டார்கள் என்பது என் ஊகம்.

ஆடிக்கொண்டிருப்பது இது: ஓர் அரசு தன் மக்களில் ஒரு பகுதியைக் கொடூரமாக நடத்தினால், கடைசி வழியாகப் பிரியும் உரிமை பிறக்குமா? அறிஞர்களில் ஒரு சாரார் ஆம் என்கிறார்கள். கொசோவோ 2008இல் செர்பியாவிலிருந்து பிரிவதாகப் பிரகடனம் செய்தது. அந்தப் பிரகடனம் சர்வதேசச் சட்டத்தை மீறவில்லை என்று உலக நீதிமன்றம் 2010இல் கருத்துச் சொன்னது. பிரியும் உரிமை இருந்ததா என்ற பெரிய கேள்வியை அது லாவகமாகத் தாண்டிப் போய்விட்டது. பல நாடுகள் கொசோவோவை அங்கீகரித்தன, இந்தியா அங்கீகரிக்கவில்லை. ஐ.நா. வாசலும் சிறியது. பாதுகாப்பு அவை பரிந்துரைக்க வேண்டும், அங்கே ஐந்து நிரந்தர உறுப்பு நாடுகளில் ஒன்று தடுத்தாலும் முடிந்தது. அதன் பிறகு பொதுச்சபையில் மூன்றில் இரண்டு.

இந்தியாவைப் பற்றி யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். நம் அரசியல் சாசனத்தில் எந்தப் பகுதியும் பிரிந்து போக வழி இல்லை. எந்த அரசும் அதற்கு வாக்கெடுப்பு நடத்த முடியாது. சுயநிர்ணயம் அந்நிய ஆட்சியின் கீழ் உள்ள மக்களுக்கே பொருந்தும் என்று 1979இல் பன்னாட்டு உடன்படிக்கையில் சேரும்போதே இந்தியா எழுதிக் கொடுத்திருக்கிறது. ஆனால் சேருவதற்கும் உள்ளுக்குள் வகை மாறுவதற்கும் ஓட்டு நடந்ததுண்டு. ஜுனாகத்தில் 1948இல். சிக்கிமில் 1975இல். புதுச்சேரிக்காக 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணைய ஒப்பினார்கள், 8 பேர் மறுத்தார்கள். கேரளத்துக்குள் உள்ள மாஹேயும் ஆந்திரத்துக்குள் உள்ள ஏனாமும் அந்தக் கணக்கில்தான் வந்தன. கோவாவில் 1967 ஜனவரி 16 அன்று மகாராஷ்டிரத்தோடு சேர்வதா, தனி யூனியன் பிரதேசமாக இருப்பதா என்று பொதுமக்களிடமே கேட்டார்கள். சேர்வதற்குப் பூ சின்னம், தனியாக இருப்பதற்கு இரட்டை இலை. இரட்டை இலை சுமார் 34,000 வாக்கில் வென்றது, திண்டுக்கல்லில் அது அறிமுகமாவதற்கு ஆறு ஆண்டு முன்பு.

ஓட்டு முடிந்த பிறகு என்ன என்பதை நீங்கள் கேட்கவில்லை. நம் பக்கத்துக்காரர்கள் கேட்க வேண்டியது அதைத்தான். தெற்கு சூடானுக்கு எண்ணெயில் பெரும்பங்கு கிடைத்தது; துறைமுகத்துக்குப் போகும் குழாய் வடக்கே இருந்தது. குழாய்க் கூலித் தகராறில் ஆறே மாதத்தில், 2012 ஜனவரியில், உற்பத்தியையே நிறுத்தினார்கள். இரண்டு மாநிலத்துக்கு நடுவே கோடு போட்டதற்கே நாங்கள் ஆளியாற்றுத் தண்ணீருக்காக 1970இல் எழுதிய ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு இன்றும் கோடையில் கணக்குப் பார்க்கிறோம். பப்புவா நியூ கினியின் பூகன்வில் தீவு 2019இல் 98 சதவீதத்தை ஒட்டி விடுதலைக்கு வாக்களித்தது. அந்த வாக்கெடுப்பைத் தந்த 2001 ஒப்பந்தத்திலேயே கடைசிச் சொல் பப்புவா நாடாளுமன்றத்துக்கு என்று இருக்கிறது. இத்தனை ஆண்டாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

கடைசியாக உங்கள் தாத்தா. 1947 ஜூனில் திவான் சி.பி. ராமசாமி ஐயர், திருவிதாங்கூர் தனி நாடாக இருக்கும் என்று அறிவித்தார். அதற்கும் யாரும் ஓட்டுக் கேட்கவில்லை. ஜூலை 25 அன்று அவர் மேல் வெட்டு விழுந்தது, சில நாளில் மகாராஜா இந்தியாவோடு சேர இசைந்தார். பிறகு நேசமணி தலைமையில் திருவிதாங்கூர்த் தமிழர்கள் ஒன்பது தாலுகாக்களைக் கேட்டார்கள். 1954 ஆகஸ்ட் 11 அன்று துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. 1956 நவம்பர் 1 அன்று நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையில் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்துக்குப் போயின. உங்கள் தேவிகுளமும் எங்கள் பாலக்காட்டுச் சித்தூரும் கேரளத்தில் நின்றன. ஆந்திரத்திலிருந்து திருத்தணியும் 1960 ஏப்ரல் 1 அன்று அப்படித்தான் வந்தது, கிராமம் கிராமமாக மொழிக்கணக்குப் பார்த்து, ஓட்டு வைக்காமல். மாநில எல்லையை மாற்ற அரசியல் சாசனத்தின் மூன்றாம் பிரிவு நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் கொடுக்கிறது. சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்டால் போதும், தாத்தாவைக் கேட்க வேண்டியதில்லை.

என் அம்மா செங்கோட்டைக்காரர். அக்டோபர் 31 இரவு திருவிதாங்கூர் கொச்சியில் படுத்து, காலையில் சென்னை மாநிலத்தில் எழுந்ததாகச் சொல்வார். மூன்று ஆண்டு கழித்துக் கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்து மறுபடியும் கேரளத்துக்காரியானார். அதற்கும் தன்னிடம் யாரும் கேட்கவில்லை என்பது அவருடைய தனிக் கணக்கு.